ஓசை விழுங்கி

பாட்டின் அடிச்சத்தத்துக்கென்று சப்வூஃபர் பெட்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு காலத்தில் பெட்டியின் அளவைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டு அறையின் நீள அகலத்தைச் சொல்லி யோசனை கேட்டார்கள். அதெல்லாம் பழைய கதை. இப்போது காதை நீட்டினால் போதும்.

கடைவீதி முனையில் இருந்த ஒலிப்பெட்டிக் கடையின் முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே யாரும் எதையும் கொடுக்கவில்லை. மெத்தை வைத்த நாற்காலியில் செவிநாடியார் உட்கார்ந்திருந்தார். வருகிறவரின் காதுமடலை இரண்டு விரலால் பிடிப்பார். கண்ணை மூடுவார். உதட்டைப் பிதுக்குவார். பிறகு திருவாய் மலரும்.

"உங்களுக்குச் சின்னப் பெட்டி ஆகாது. பெருசுதான் பேசும்."

"உங்க நாடி இடப்பக்கம் இழுக்குது. கறுப்பு வேண்டாம், மரநிறம் எடுங்க."

"உங்களுக்கு ஒண்ணு போதாது. இப்போதைக்கு ஒண்ணு வைங்க, மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்."

கடையிலேயே விலை குறைந்த பெட்டி எந்தக் காதுக்கும் பொருந்தியதாகச் சரித்திரம் இல்லை. ஊர்க்காதுகள் எல்லாம் அப்படி அமைந்துவிட்டன, பாவம் அவர் என்ன செய்வார்.

வரிசையில் நின்றவர்களைச் சாதாரணமாக எடைபோட்டுவிடாதீர்கள். வங்கி மேனேஜர் நின்றார். சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்டே கிழிக்கிற வக்கீல் நின்றார், இங்கே ஒரு கேள்வியும் கேட்காமல். கல்லூரியில் ஒலியலைகளைப் பாடமாக நடத்துகிற பேராசிரியரும் நின்றார். "பாடம் வேற, காது வேற" என்பது அவர் கட்சி. எல்லோரும் சேர்ந்து ஒரு மன்றமும் வைத்திருந்தார்கள். மன்றத்தில் சேர ஒரே தகுதிதான்: செவிநாடியார் பேசும்போது தலையாட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வரிசையில் கண்ணாடிக்காரரும் நின்றார் என்பதுதான் நம் கதை.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். கீழே கடை, மேலே வீடு. தொழிலில் கெட்டிக்காரர், நேர்மையானவரும்கூட. சோதிக்கும்போது அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். நடுவில் ஒருமுறை, லென்ஸைக் கழற்றி அதையே திரும்பப் போடுவார். அதே குரலில், "இப்ப எப்படி இருக்கு?" என்பார். பாதிப் பேர், "ஆங், இப்பதான் பளிச்சுனு தெரியுது" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களின் பேச்சை அவர் நம்பமாட்டார். முதலிலிருந்து மறுபடி சோதிப்பார்.

சாப்பிடும்போது இதைத் தங்கையிடமும் மனைவியிடமும் சொல்லிச் சிரிப்பார். "மனுசன் கண்ணால பாக்கறதே இல்ல. ஆசையால பாக்கறான்."

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் காதை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவர் குறை இதுதான். பாட்டென்றால் அவருக்கு உயிர். மாடி ஹாலில் நல்ல ஸ்டீரியோ வாங்கி வைத்தார். பேஸ் என்கிற அடிச்சத்தம் நெஞ்சில் வந்து தட்ட வேண்டும் என்று மூலையில் ஒரு சின்ன சப்வூஃபரும் வைத்தார். ஹாலோ, யாரோ அச்சில் வார்த்துக் கவிழ்த்தது போலிருக்கும். நீளமும் அகலமும் ஒன்று. நாலு பக்கமும் வெறும் சிமெண்டுச் சுவர். அந்த ஹாலின் சரியான நடுவில் ஒரு பெரிய நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நடுவில் உட்கார்ந்தால்தானே ராஜா.

பாட்டு வந்தது. பேஸ் வரவில்லை.

அவருக்குத்தான் வரவில்லை. அடுப்படியில் பாத்திர மூடிகள் தாளம் போட்டன. கீழே கடையில் கண்ணாடி அலமாரி கிடுகிடுவென்று ஆடியது. பின்சுவரில் சாய்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை, "அண்ணே, காதை அடைக்குது, கொஞ்சம் குறைங்களேன்" என்றாள். காசு போட்டவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பேஸ் கிடைத்தது. இவர்கள் தன்னைக் கேலி செய்கிறார்களோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் நாற்காலியை நகர்த்திப் பார்த்திருப்பார்கள். இவர் காதைப் பிடிக்கக் கொடுத்தார். செவிநாடியார் பிடித்துப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய பெட்டியை எழுதிக் கொடுத்தார். அது வந்தது, அதே மூலையில் உட்கார்ந்தது. பாத்திர மூடிகள் இன்னும் உற்சாகமாக ஆடின. நடு நாற்காலியில் மட்டும் அதே மௌனம்.

கடைசியில் செவிநாடியாரே நேரில் எழுந்தருளினார். பின்னால் மன்றமும் வந்தது. ஹாலைச் சுற்றிப் பார்த்தார், சுவரை முகர்ந்தார், நடு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டார். முகம் கறுத்தது.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நான், என் வீட்டுக்காரி, என் தங்கச்சி."

"தங்கச்சி எப்ப வந்தாங்க?"

"மாப்பிள்ளை தவறினதுக்கு அப்புறம்."

செவிநாடியார் கண்ணை மூடிக்கொண்டார். மன்றமும் மூடிக்கொண்டது.

"இந்த வீட்ல ஓசை விழுங்கி இருக்கு" என்றார்.

யார் ஓசை விழுங்கி என்று கண்டுபிடிக்கப் பெரிய ஞானம் ஒன்றும் தேவையில்லை. அந்த வீட்டில் பரிந்து பேச ஆளில்லாதவர் யார் என்று பார்த்தால் போதும். செவிநாடியார் பார்த்துவிட்டார். தங்கை காபித் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள்.

"சில பேருக்குப் பிறவியிலேயே உள்ள வெற்றிடம் இருக்கும். தாழ்ந்த ஓசையெல்லாம் அதுக்குள்ள போயிடும். அவங்க மேல தப்பு சொல்லக் கூடாது. ஆனா அவங்க இருக்கற இடத்துல பேஸ் நிக்காது. நிரூபிக்கட்டுமா?"

நிரூபித்தார். தங்கையை ஹாலில் நிறுத்தி, கண்ணாடிக்காரரை நடு நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். பேஸ் இல்லை. பிறகு தங்கையைத் தெருவுக்கு அனுப்பினார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "அவங்க நின்ன காத்து நாற்காலியில படிஞ்சிருக்கும்" என்று நாற்காலியை மூன்று சுற்றுச் சுற்றி, இழுத்துக்கொண்டு போய்ப் பின்சுவரை ஒட்டிப் போட்டார். "உக்காருங்க. கண்ணை மூடுங்க. கண்ணை மூடிக் கேட்டாத்தான் உண்மை தெரியும்."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். பாட்டு வந்தது. தம் தம் என்று பேஸ் முதுகில் இடித்து நெஞ்சில் இறங்கியது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மன்றம் கைதட்டியது. பேராசிரியர், "அபாரம்" என்றார்.

நாற்காலி இடம் மாறியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் கண்ணாடிக்காரர் நாற்காலியைத் திரும்ப நடுவில் போட்டார். சுவரோரம் உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்காதே. பேஸ் மறுபடி காணாமல் போனது. தங்கை அன்று வீட்டில்தான் இருந்தாள். வேறென்ன ஆதாரம் வேண்டும்?

இதற்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாள், தங்கை தொட்ட சட்டத்தைத் தொடாமல் வேறு கேட்டாள். பாட்டுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டால் அது எதற்கு ஒட்டியது என்று யாரும் பார்ப்பதில்லை.

செவிநாடியார் பரிகாரமும் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு அவரே வந்து எதிர்மூலையில் ஒரு காவல் பெட்டி வைப்பார். அதுவும் சப்வூஃபர்தான், அவர் கைபட்டது. அதற்கு முன்னால் தங்கை வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். ஓசை நிலைத்த பிறகு, எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

கணவர் வீட்டார் கதவைச் சாத்தியபோது, இதே அண்ணன்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தவர். "என் வீடு இருக்கற வரைக்கும் உனக்கு வீடு இருக்கு" என்று அன்று சொன்னவர், இன்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கொஞ்ச நாளைக்குத்தான்மா. பக்கத்து ஊர்ல ஹாஸ்டல் இருக்கு. நல்ல ஹாஸ்டல்னு சொல்றாங்க."

தங்கை அவரையே பார்த்தாள். "அவர் போனப்ப எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாங்க. நீங்க ஒருத்தர்தான் பார்க்கல. இப்ப பாட்டு சரியாக் கேக்கலைன்னாலும் நான்தானா, அண்ணே?"

அவள் உள்ளே போய்ப் பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அத்தனை களைத்துப் போயிருந்தாள்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் அந்தப் பெரிய பெட்டியை மாடியிலிருந்து உருட்டி விட்டிருப்பாள். அது கனம், அதனால் தப்பித்தது. நாத்தனாரிடம் வந்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இரு. அப்புறமும் போகணும்னு தோணுச்சுன்னா நானும் கூட வர்றேன்" என்றாள்.

அன்று மத்தியானம் தங்கை ஹாஸ்டல் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். கண்ணாடிக்காரர் கடையில் இருந்தார். அண்ணி பாட்டைப் போட்டாள், நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பேஸ் இல்லை. ஓசை விழுங்கியோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்தே விழுங்குகிறது போலும். அண்ணி எழுந்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதுகில் குத்து விழுந்தாற்போல் பேஸ் இறங்கியது. மறுபடி நடுவுக்கு இழுத்தாள். இல்லை. மறுபடி சுவருக்கு. இருந்தது.

"அட பாவி" என்றாள். அது செவிநாடியாரைச் சொன்னதா, புருசனைச் சொன்னதா என்று நமக்குத் தெரியாது.

உடனே புருசனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். காட்டியிருந்தால், "அவ உக்காந்த காத்து இன்னும் போகல" என்பார். மன்றத்தில் அவர் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார். அதனால் அண்ணி வாயைத் திறக்கவில்லை. ராத்திரி நாத்தனாரிடம் மட்டும் ஏதோ காதோடு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காவல் பெட்டியும் வந்தது. மன்றம் ஹால் முழுக்க நிரம்பியது. செவிநாடியார் புதுச்சட்டை போட்டிருந்தார். தங்கை துணிப்பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்ததைப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார்.

அண்ணி பணிவாக முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒரு சின்ன ஆசை. இவ போயிட்டா அப்புறம் உங்க மகிமையை நாங்க எப்படிப் பார்க்கறது? கடைசியா ஒரு தடவை காட்டுங்களேன். இவ உள்ள இருக்காளா வெளிய போயிட்டாளான்னு, கண்ணைக் கட்டிக்கிட்டு ஓசையை வச்சே நீங்க சொல்லணும்."

"அதெல்லாம் எதுக்கும்மா..."

"கண்ணை மூடிக் கேட்டாத்தான் உண்மை தெரியும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க."

மன்றம் ஆவலோடு அவரைப் பார்த்தது. "பாக்கணும் ஐயா, பாக்கணும்" என்றார் வக்கீல். பக்தர்களை வளர்த்துவிட்டால் இதுதான் தொல்லை. நம்பிக்கை முற்றினால் அவர்களே மேடையில் ஏற்றிவிடுவார்கள்.

செவிநாடியார் யோசித்தார். ஆள் நடந்தால் காலடி கேட்கும், கதவு திறந்தால் கேட்கும். அதற்குத் தனியாக நாடி எதற்கு? ஒப்புக்கொண்டார். பின்சுவர் ஓரமாக நாற்காலியைப் போடச் சொன்னார், விவரமான ஆள். அண்ணி ஒரு தடித்த துண்டை எடுத்து அவர் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பாட்டு ஆரம்பித்தது. பேஸ் சுவரில் மோதி உறுமியது.

அண்ணி மன்றத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு தானே வாசல் வரை தொப் தொப் என்று நடந்தாள். கதவைத் திறந்து, சாத்தினாள்.

"இப்ப எப்படி ஐயா இருக்கு?"

"ஆகா" என்றார் செவிநாடியார். "கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கு. தாராளமா வருது பாருங்க. போயிட்டாங்க."

அண்ணி மறுபடி கதவைத் திறந்தாள். தொப் தொப் என்று உள்ளே நடந்து வந்தாள்.

"இப்ப எப்படி ஐயா இருக்கு?"

செவிநாடியார் முகத்தைச் சுளித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "செத்துப்போச்சும்மா, ஓசை செத்துப்போச்சு. உள்ள வந்துட்டாங்க. என் கிட்டயே நிக்கறாங்க. இழுக்கறது தெரியுது."

மறுபடி கதவு. "இப்ப?"

"ஆங், இப்பதான் பளிச்சுனு இருக்கு."

தங்கை இத்தனை நேரமும் எங்கும் போகவில்லை. செவிநாடியாரின் நாற்காலிக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்றம் அவளைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. வங்கி மேனேஜருக்கு முதலில் தோள் குலுங்கியது. வக்கீல் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பேராசிரியர் திறந்த வாயை மூட மறந்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "அதே லென்ஸு" என்று முணுமுணுத்தார். "அதே லென்ஸைத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கா." எத்தனையோ பேரிடம் தான் செய்து காட்டி, சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரித்த வித்தை. ஒரு ஏழை பாழை வந்து கண்ணாடி கேட்டாலும் சோதிக்காமல் கொடுக்காத மனிதர், உடன்பிறந்தவளைச் சோதிக்காமலே வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார்.

அண்ணி துண்டை அவிழ்த்தாள். செவிநாடியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தார். முதலில் தெரிந்தது தங்கையின் முகம்.

ஆனாலும் தொழில்காரர். சட்டென்று சமாளித்தார். "உடம்பு இங்க இருக்கும். மனசு வெளிய போய்ட்டுப் போய்ட்டு வந்திருக்கும். அதைத்தான் நான் சொன்னேன்."

"இல்லீங்க" என்றாள் தங்கை. "மனசும் இங்கயேதான் இருந்துச்சு. உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

இப்போது சிரிப்பு வெடித்தது. சிரிப்பு அடங்கியதும் அண்ணி நாற்காலியை நடுவுக்கு இழுத்தாள். "ஒவ்வொருத்தரா வந்து உக்காருங்க. அப்புறம் சுவரோரம் உக்காருங்க. இவளை உள்ள வச்சும் பாருங்க, தெருவுல நிறுத்தியும் பாருங்க." உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், மாறினார்கள். யார் உட்கார்ந்தாலும் நடுவில் பேஸ் இல்லை, சுவரோரம் இருந்தது. தங்கை உள்ளே வந்தாலும் போனாலும் அதற்கு ஒரு கவலையும் இல்லை.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "இது வந்து... பாடத்துலயே இருக்கு. சதுரமான ரூம்ல, எதிரெதிர்ச் சுவர்ல மோதித் திரும்பற தாழ்ந்த அலையெல்லாம் நடுவுல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். சுவர்கிட்ட சேர்ந்துக்கும். ரெண்டு சின்னப் பெட்டியை எதிரெதிர்ச் சுவர்ல வச்சிருந்தா ரூம் முழுக்க ஓரளவு சமமா வந்திருக்கும். இவ்வளவு பெருசே தேவையில்ல."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, சார்?" என்றார் வங்கி மேனேஜர்.

"யாரும் கேக்கலையே" என்றார் பேராசிரியர்.

"காதைப் பிடிக்கக் கொடுத்துட்டு நின்னீங்களே, அப்பவாவது ஞாபகம் வந்திருக்கலாம்" என்றாள் அண்ணி. பேராசிரியர் செருப்பைத் தேடினார்.

செவிநாடியார் காவல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். தூக்கத் தூக்க மூச்சு வாங்கியது. "சந்தேகம் இருக்கற வீட்ல ஓசை தங்காது" என்று சாபமாக ஒன்றைப் போட்டார். மேலே ஹாலில் ஓசை அப்போதும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. மன்றத்தில் ஒருவர் பின்னாலேயே ஓடுவது தெரிந்தது. பெட்டியைப் பிடுங்கவோ, நாலு கேள்வி கேட்கவோ ஓடுகிறார் என்று அண்ணி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவர் படியில் குனிந்து, "ஐயா, இந்த வீடு சரியில்ல, விடுங்க. எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. கண்ணாடிக்காரர் வாசலுக்குப் போய், கட்டிவைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தங்கை வழியில் நின்றாள்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"மன்னிக்கறதைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன், அண்ணே" என்றாள் தங்கை. "முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அண்ணி இன்னிக்கு இதைச் செய்யாம விட்டிருந்தா, நான் போயிருப்பேன். நீங்க நடுவுல உக்காந்திருப்பீங்க. அப்பவும் பேஸ் வந்திருக்காது. அப்புறம் யாரை அனுப்பியிருப்பீங்க?"

கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக.

அவர் கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று சரியாக நடக்காதபோது, "எல்லாம் இவளால்தான்" என்று எவனாவது விரலை நீட்டினால், அவளை வாசலுக்கு அனுப்பும் முன் உங்கள் நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். காதைத்தான் கண்டவன் கையில் கொடுத்துவிட்டீர்கள், அதற்குப் பக்கத்தில் இருக்கும் மூளையையாவது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.